வலையும் எலும்பும்

தையற்காரர் உடலுக்கேற்பத் துணியை வெட்டுவாரேயன்றித் துணிக்கேற்ப உடலை வெட்டுவதில்லை. எளிய இவ்வுண்மையைக் கணினித் திரையின்முன் அமர்ந்து நாம் கற்க நேர்ந்தது.

சி.டி. ஸ்கேன் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் உடலின் கனவடிவம் எண்களாகக் கிடைக்கின்றது. ஹவுன்ஸ்ஃபீல்டு அளவையில் காற்றுக்கு -1000, நீருக்கு 0. கெட்டியான எலும்பில் 1000-ஐயும் கடக்கும். மருத்துவப் பேராசிரியரான நண்பர் ஒருவர், பெயர் நீக்கிய தொடையெலும்பு ஸ்கேன் ஒன்றைத் தந்து, மாணவர்க்குக் காட்ட முப்பரிமாண உருவம் வேண்டினார். முக்கோணங்களால் பின்னிய பொதுவான எலும்பு வலை ஒன்றை அத்தரவிற்குப் பொருத்தப் பைத்தான் மொழியில் நிரல் எழுதினோம்.

வலையின் ஒவ்வொரு முனையும் பரப்பிற்குச் செங்குத்தாக உள்ளும் புறமும் சில மில்லிமீட்டர் தேடும். எண் எங்கே சட்டெனச் சரிகின்றதோ அதனையே எலும்பின் விளிம்பெனக் கொண்டு அதன்பால் சிறிது நகரும். பின்னர், அண்டை முனைகளின் சராசரி இடத்தை நோக்கிச் சிறிது ஒதுங்கும். முன்னது தரவின் இழுப்பு. பின்னது வழவழப்பின் இழுப்பு. கேஸ், விட்கின், டெர்சோபௌலோஸ் ஆகிய மூவரும் 1988-இல் 'பாம்புகள்' என்னும் பெயரில் வெளியிட்ட நெளிகோட்டு முறைக்கும் இவ்விரு விசைகளின் இணக்கமே அடிப்படையாகும்.

முதலில் உருவம் கரடுமுரடாக வந்தது. ஸ்கேனில் கலந்திருந்த இரைச்சலையெல்லாம் வலை எலும்பென நம்பிற்று. ஆகவே வழவழப்பின் எடையைக் கூட்டி, 200 சுற்றுகள் ஓடவிட்டோம். பளிங்கிற் கடைந்தாற்போன்ற எலும்பு திரையில் எழுந்தது. பெருமிதத்தோடு நண்பரிடம் காட்டினோம்.

அவர் உருவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எலும்பு மிக அழகாக இருக்கிறது. முறிவு எங்கே?" என்றார்.

நாணித் தலைகுனிந்தோம். முறிந்த பகுதிகள் சற்றே விலகியதால் உண்டான சிறு படியைக் காட்டவே அவர் அந்த ஸ்கேனைத் தேர்ந்திருந்தார். நம் நிரலோ அதனையும் இரைச்சலெனக் கொண்டு நிரவிவிட்டது.

மூலப் படங்களின்மேல் வலையின் விளிம்பை வரைந்து பார்த்தோம். தரவிலிருந்து விலகி நின்ற முனைகளுக்குச் சிவப்பு நிறம் தந்தோம். முறிவைச் சுற்றி ஒரு செவ்வளையம் தோன்றிற்று! அவ்விடத்தில் முக்கோணங்களைச் சிறிதாக்கி, வழவழப்பையும் குறைத்தோம். படி மீண்டும் வெளிப்பட்டது. உருவம் முன்போல் அழகாயில்லை, மெய்யாயிருந்தது.

மாணவச் செல்வங்களே, எந்த ஆய்வாயினும் முடிவு வழவழப்பாக அமையும்போது மூலத்தை ஒருமுறை திரும்பப் பாருங்கள். வளைய வேண்டியது நம் வலையேயன்றி எலும்பன்று.