ஒரே போனில் கல்லூரியும் வேலையும்

எனக்கு வகுப்பறை, நூலகம், வேலையிடம் எல்லாமே இந்தப் போன்தான். காலை ஆறு மணிக்கு நியூஜெர்சிக் குழந்தைகளுக்கு ஜூமில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். அங்கே அப்போது முந்தைய நாள் இரவு எட்டரை. நவம்பரில் அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைத்தால், என் வகுப்பு ஏழு மணிக்குத் தள்ளிப்போகும். எனக்கோ ஏழரைக்குக் கல்லூரி பஸ்.

ஆனாலும் மனசுக்குப் பிடித்த வேலை. ஏழு வயதுக் குட்டி ஒருத்தி மவுஸைப் பிடித்து 'ழ' எழுதுவாள். சுழி திரைக்கு வெளியே ஓடிவிடும். அழித்துவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு மறுபடி தொடங்குவாள். செமஸ்டர் ஃபீஸ் அந்த வருமானத்தில்தான்.

படிப்புக்கு என்பிடெல். ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் 2003-ல் தொடங்கிய இணையப் பாடத் திட்டம் அது. பாடம் கேட்கக் காசு வேண்டாம். சான்றிதழ் வேண்டுமென்றால்தான் பணம் கட்டி, மையத்துக்கு நேரில் போய்த் தேர்வெழுத வேண்டும். சின்ன ஊர்க் கல்லூரியில் படிக்கிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய கதவு!

கொரோனா காலத்தில், 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை, தமிழக அரசு கல்லூரி மாணவர்களுக்குத் தினம் 2 ஜிபி டேட்டா இலவசமாகக் கொடுத்தது. அண்ணன் அதை வைத்துத்தான் அந்த செமஸ்டரைத் தாண்டினான். கொரோனா போய்விட்டது. வாட்ஸ்அப் குரூப்பும் பிடிஎஃப்பும் அப்படியே இருக்கின்றன. டேட்டா செலவு மட்டும் எங்கள் தலையில்.

ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கிறேன். "காலைக்குள் அப்லோடு செய்யவும்" என்ற செய்தியை இரவு பதினொன்றரைக்குப் போடாதீர்கள். எங்கள் வகுப்பில் மொட்டை மாடி ஏறினால்தான் சிக்னல் கிடைக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். எட்டு மணிக்குள் போட்டால் எல்லோரும் அனுப்பிவிடுவோம்.