தினமும் மாறும் எல்லை

எறையூர் சர்க்கரை ஆலையின் புகைபோக்கி தெரிகிற தூரத்தில், மக்காச்சோளம் ஒடித்து முடித்த ஒரு கொல்லையில் எருவுக்காக ஆட்டுக் கிடை போட்டிருந்தார்கள். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து மந்தையோடு வந்த கீதாரி ஒருவரும் அவர் குடும்பமும். இந்தப் பகுதிக்கே உரிய திருச்சி கருப்பு ஆடுகளை உள்ளூர்க்காரர்களும் கிடை மறிப்பதுண்டு. அறுவடை ஓய்ந்தால் தெற்கிலிருந்தும் மந்தைகள் வந்து சேரும். “ஆட்டு எரு அந்த வருசம், மாட்டு எரு மறு வருசம்” என்று கொல்லைக்காரர் எருவின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பார்க்கப் போனது நாய்களை.

பொழுது சாய்ந்ததும் கீதாரி முளைக்குச்சிகளை அடிக்க ஆரம்பித்தார். குச்சிக்குக் குச்சி நைலான் வலையை இழுத்து மாட்டிக்கொண்டே போகிறார். அவர் காலோடு காலாக ஒரு கிழட்டுச் செவலை நாய். அதன் பின்னால், இடுப்புக் கயிற்றில் முடிந்து இழுத்துவரப்படும் ஆறு மாதக் குட்டி. செவலை ஒவ்வொரு முளையையும் மோந்து, சில முளைகளில் காலைத் தூக்கிவிட்டு நகர்ந்தது. குட்டியும் அதே முளைகளில் மூக்கை வைத்தது. நாலு மூலையும் சுற்றி முடித்த பிறகுதான் இரண்டுக்கும் சோறு. அதையும் வலை ஓரத்திலேயே வைத்தார்.

“கெடை நேத்து இருந்த எடத்துல இன்னைக்கு இருக்காது தம்பி. தினமும் புதுசா காட்டணும். சுத்திக் கூட்டிட்டு வந்துட்டா அதுக்குத் தெரிஞ்சுரும், இன்னைக்கு இதுதான் நம்ம எடம்னு.”

ராத்திரி நாய்கள் வலைக்கு வெளியேதான் கிடக்கும். கட்டுவதில்லை. ஆனாலும் கூப்பிடு தூரத்தைத் தாண்டிப் போவதில்லை. அந்த எல்லை மண்ணில் எங்கும் தெரியாது. ஏன் அப்படிப் பழக்குகிறீர்கள் என்று கேட்டேன். “ஒரு நரி முன்னால ஓடி நாயை இழுத்துட்டுப் போகும். இன்னொன்னு பின்பக்கமா வந்து குட்டியத் தூக்கிரும். வெரட்டுற நாயவிட, வெரட்டிட்டுத் திரும்பி வர்ற நாய்தான் நமக்கு வேணும்.”

திரும்பி வரப் பழக்குவதுதான் இந்தத் தொழிலின் கடினமான பகுதி. கண் திறந்து சில வாரங்களிலேயே நாய்க்குட்டியை ஆட்டுக்குட்டிக் கூட்டின் பக்கத்தில் கட்டிவிடுகிறார்கள். ஆட்டின் வாசனையிலேயே அது வளர்கிறது. விளையாட்டாகக் காதைக் கடித்தால் தாயாடு முட்டித் தள்ளும். அந்தப் பாடத்தில் மனிதர் தலையிடுவதில்லை. ஓடித் திரிகிற வயதில் கழுத்தில் ஒரு கட்டை தொங்கும். நடந்தால் சும்மா ஆடும், பாய்ந்தால் முன்னங்கால் முட்டியில் இடிக்கும். அந்தக் கட்டையைக் கையில் வாங்கிப் பார்த்தேன். வேல மரம்; தோல் உரசும் பக்கம் இழைத்து வழவழப்பாக்கியிருந்தார் கீதாரியின் மனைவி. “புண்ணு வந்தா ஈ மொய்க்கும், பாவம்” என்றார்.

நாயை எல்லைக்குள் நிறுத்தும் இதே வேலைக்கு அமெரிக்காவில் 1970-களிலிருந்து மின்கருவி உண்டு. வீட்டைச் சுற்றி மண்ணுக்கடியில் ஒரு கம்பி, அதில் மெல்லிய ரேடியோ அலை, நாயின் கழுத்துப்பட்டையில் ஒரு வாங்கி. கம்பியை நெருங்கினால் முதலில் ‘பீப்’ ஒலி, மீறினால் சுருக்கென்று ஒரு அதிர்ச்சி. அங்கேயும் பட்டையை மாட்டிவிட்டால் மட்டும் போதாது. எல்லை நெடுகச் சின்னக் கொடிகளை நட்டு, நாயைக் கயிற்றில் பிடித்து நடத்தி, ஒலி கேட்டதும் திரும்பப் பழக்கி, பிறகு கொடிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்குவார்கள். கொடி இருக்கும் இடத்தில் இங்கே முளைக்குச்சி. ஆனால் அந்தக் கம்பி வெளிநாய் உள்ளே வருவதைத் தடுக்காது. வெறியில் பாய்ந்து வெளியேறிய நாய், அதிர்ச்சிக்குப் பயந்து திரும்பவும் தயங்கும். வேல்ஸ் நாடு 2010-இல் இந்தப் பட்டைகளுக்குத் தடையே விதித்தது. திரும்பி வருவதையே முதல் பாடமாக வைத்த கீதாரியின் முறை எனக்கு அதைவிட மேலானதாகப் படுகிறது.

இந்தப் பக்கத்துக் கொல்லைகளில் கண்ணுக்குத் தெரியாத கம்பி என்றால் வேறு விஷயம். மக்காச்சோளத்தைக் காட்டுப்பன்றி கிண்டிப் போட்டுவிடுகிறது என்று, சிலர் இரவில் வீட்டு மின்சாரத்தையே கம்பியில் கொடுத்துவிடுகிறார்கள். சூரிய சக்தி வேலி நொடிக்கு ஒருமுறை போல நறுக்கென்று தட்டிவிட்டு விட்டுவிடும். தொட்டவர் கையை உதறிக்கொண்டு பிழைக்கலாம். வீட்டு மின்சாரமோ பிடித்த பிடியை விடாது. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே இப்படிப்பட்ட கள்ள வேலியில் மூன்று யானைகள் செத்தன. மின்வேலிகளைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்தும் விதிகளைத் தமிழக அரசு அதே ஆண்டு கொண்டுவந்தது. பன்றியால் விளைச்சலை இழப்பவரின் வயிற்றெரிச்சல் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தக் கம்பியில் முதலில் விழப்போவது இருட்டில் கிடையைச் சுற்றிவரும் நாய், அல்லது அதைத் தேடிப் போகும் மனிதர்.

கீதாரி ஒரு நல்ல நாயை முந்தைய வருடம் அப்படித்தான் இழந்திருக்கிறார். எந்த ஊர் என்று சொல்லவில்லை. செவலையோடு கூடப் பிறந்தது என்று மட்டும் சொன்னார்.

நான் கிளம்பும்போது, அடுத்துக் கிடை போடப்போகும் கொல்லைக்காரரிடம் அவர் போனில் பேசிக்கொண்டிருந்தார். எத்தனை ராத்திரி, என்ன கூலி என்பதெல்லாம் பிறகு. “பக்கத்துக் கொல்ல வேலியில கரண்டு கிரண்டு உண்டுங்களா?” என்று கேட்டுவிட்டு, பதிலை இரண்டு முறை சொல்லச் சொன்னார்.