பணவீக்கம் மைனஸ், பர்ஸ் அதைவிட மைனஸ்

2009-ம் வருஷம் ஜூன் 18-ம் தேதி, வியாழக்கிழமை, இந்தியாவில் விலைவாசி குறைந்துவிட்டது. சிரிக்காதீர்கள், அரசாங்கமே அறிவித்தது. ஜூன் 6-ல் முடிந்த வாரத்துக்குப் பணவீக்க விகிதம் மைனஸ் 1.61 சதவிகிதம். முப்பது வருஷத்துக்கு மேலாக நடக்காத சங்கதி என்று டி.வி.யில் கோட் போட்டவர்கள் வியந்தார்கள். துவரம்பருப்பைக் கிலோ கணக்கில் வாங்கிக்கொண்டிருந்த குடும்பங்கள் அரைக் கிலோவுக்கு இறங்கியதும் அதே வருஷம்தான்.

அரசாங்கம் பொய் சொன்னதா என்றால், இல்லை. கணக்கு சரி. தசமப் புள்ளிகூட இடம் மாறவில்லை. எதிலிருந்து எதைக் கழித்தார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

பி.காம். எகனாமிக்ஸில் குறியீட்டெண் என்று ஒரு பாடம் வரும். பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி ஃபார்முலாவை உருப்போட்டு, மறுநாள் மத்தியானச் சாப்பாட்டோடு மறந்துவிடுகிற பாடம். விஷயம் என்னவோ ஒரு மளிகைக் கூடைதான். ஒரு வருஷத்தை அடிப்படையாக வைத்துக்கொண்டு, அந்த வருஷம் கூடை நிறையச் சாமான் வாங்க ஆன செலவை 100 என்கிறோம். அதே கூடையை, அதே சாமான்களால், இப்போது நிரப்ப 153 ஆகிறது என்றால் குறியீட்டெண் 153. அவ்வளவுதான். கூடைக்குள் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்கும்போதுதான் தகராறு ஆரம்பிக்கிறது.

2009-ல் வாரா வாரம் பேப்பரில் வந்தது மொத்த விலைக் குறியீட்டெண். 1993-94 வருஷத்துக் கூடை. அதில் 435 பண்டங்கள். இரும்பு, சிமென்ட், நூல், ரசாயனம் என்று நீங்களும் நானும் ஞாயிற்றுக்கிழமை பை எடுத்துக்கொண்டு போய் வாங்காத வஸ்துக்கள் நிறைய. அரிசியும் காய்கறியும் உண்டு, ஆனால் மொத்த விலையில். சலூன், பஸ் டிக்கெட், வீட்டு வாடகை, டாக்டர் ஃபீஸ், மெஸ் சாப்பாடு, எதுவும் கிடையாது. அந்தக் குறியீட்டெண்ணில் சேவைகளுக்கு இடமே இல்லை. அதாவது, அதில் வருகிற இந்தியனுக்குத் தலைமுடி வளராது, ஜுரம் வராது, தங்க வீடும் தேவையில்லை.

இரண்டாவது, போன வருஷம். 2008 ஜூலையில் கச்சா எண்ணெய் பீப்பாய் 147 டாலரைத் தொட்டது. உலோகங்களும் உச்சியில் இருந்தன. இங்கே அந்த ஆகஸ்ட்டில் பணவீக்கம் கிட்டத்தட்ட 13 சதவிகிதம். பிறகு அமெரிக்காவில் பாங்குகள் விழ ஆரம்பித்து, டிசம்பருக்குள் எண்ணெய் 40 டாலருக்குக் கீழே வந்துவிட்டது. போன வருஷம் மொட்டைமாடியில் நின்றவன் இந்த வருஷம் மூன்றாவது மாடியில் நிற்கிறான் என்று வையுங்கள். ‘இறங்கிவிட்டான்’ என்பது வாஸ்தவம். தரைக்கு வந்துவிட்டான் என்று யாரும் சொல்லவில்லை. இதைப் ‘பேஸ் எஃபெக்ட்’ என்பார்கள். ஒப்பிடுகிற வருஷம் தாறுமாறாக இருந்தால் விகிதமும் தாறுமாறாக இருக்கும்.

இதெல்லாம் பாடப் புத்தகத்தோடு நின்றிருந்தால் எனக்கு ஒன்றும் ஆட்சேபணை இல்லை. ஆனால் அந்த மைனஸ் 1.61 என் சம்பளத்துக்குள் புகுந்தது. காலேஜ் முடித்து, சென்னையில் ஒரு தனியார் கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் அசிஸ்டென்ட். பெயர் வேண்டாம். சம்பளம் 6,500 ரூபாய். திருவல்லிக்கேணி மேன்ஷனில் பாதி ரூம். ஒரு வருஷம் முடிந்து, 2009 ஆகஸ்ட் முதல் வாரம் இன்க்ரிமென்ட் பேச்சு வந்தது. மேனேஜர் எங்கள் ஏழு பேரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். கையில் பேப்பர் கட்டிங்.

“படிச்ச பசங்க, நீங்களே சொல்லுங்க. இன்ஃப்ளேஷன் மைனஸ்ல போயிட்டிருக்கு. நியாயமாப் பார்த்தா சம்பளத்தைக் குறைக்கணும். நான் மூணு பர்சென்ட் போட்டுத் தர்றேன்” என்றார்.

195 ரூபாய். மேன்ஷன் வாடகை அந்த வருஷம் 1,050-லிருந்து 1,200 ஆகியிருந்தது. மெஸ்ஸில் சாப்பாடு 30-லிருந்து 35. பொரியல் கரண்டியையும் சிறியதாக மாற்றிவிட்டார்கள். (கரண்டி சைஸ் எந்தக் குறியீட்டெண்ணிலும் ஏறாது.)

எங்கள் சீனியர் அக்கவுன்டென்ட் அப்போது ஒன்றும் பேசவில்லை. முன்பு மில்லில் இருந்தவர், பஞ்சப்படிப் பாயின்ட் கணக்கு அவருக்கு சகஸ்ரநாமம் மாதிரி மனப்பாடம். மறுநாள் காலை ஒரு துண்டுச் சீட்டோடு வந்தார். மத்திய அரசின் லேபர் பீரோ, சிம்லாவிலிருந்து வெளியிடுகிற தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கான நுகர்வோர் விலைக் குறியீட்டெண். 2008 ஜூனில் 140. 2009 ஜூனில் 153. வித்தியாசம் 13. அதை 140-ஆல் வகுத்தால் 9.29 சதவிகிதம்.

ஒரே நாடு, ஒரே ஜூன் மாசம். ஒரு கூடையில் மைனஸ், இன்னொன்றில் 9-க்கு மேல்.

அவரே என்னையும் கூட்டிக்கொண்டு மேனேஜர் ரூமுக்குப் போனார். “ஸார், ஸ்டாஃப் சம்பளத்துக்கு இந்த இண்டெக்ஸைத்தான் ஸார் பார்க்கணும். சென்ட்ரல் கவர்ன்மென்ட்ல டி.ஏ.கூட இதை வெச்சுத்தான் போடறாங்க.”

மேனேஜர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது தொழிலாளிங்களுக்கு. நீங்கள்லாம் ஸ்டாஃப்.”

பதில் சொல்ல முடியாத வாதம். மூன்று சதவிகிதம் மூன்றாகவே நின்றது.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். 6,500 ரூபாய் 6,695 ஆயிற்று. விலைகள் 9.29 சதவிகிதம் ஏறிய பிறகு அந்த 6,695-க்கு போன வருஷ மதிப்பு என்ன? 1.0929-ஆல் வகுத்தால் 6,126. அதாவது வாழ்த்துகளுடன் கையெழுத்திட்டு, கவரில் போட்டு, எனக்கு 374 ரூபாய் சம்பளக் குறைப்பு கொடுத்திருக்கிறார்கள். மொத்த விலைக் கூடையை வைத்துப் பார்த்தால் அதே கடிதம் தாராள மனசு. புத்தகத்தில் ‘பண ஊதியம், உண்மை ஊதியம்’ என்று இரண்டு மார்க் கேள்வியாக வருவது இதுதான். எங்கள் ஏழு பேரில் கல்யாணமாகிக் குழந்தையும் இருந்தவர் ஒருவர்தான். அவர் தீபாவளிக்கு முன்பே வேறு வேலை பார்த்துக்கொண்டு போய்விட்டார்.

சிம்லாக் கூடையும் எல்லோருக்குமான கூடை இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அப்போதிருந்த 2001 வரிசைக்கு இந்தியா முழுக்க 78 ஊர்களில் விலை கேட்டார்கள். நம் பக்கம் சென்னை, கோவை, மதுரை, சேலம், திருச்சி, அப்புறம் குன்னூர். குன்னூர் எப்படி வந்தது என்றால், தோட்டத் தொழிலாளர்களும் அந்தக் கணக்கில் உண்டு. தேயிலை பறிக்கிறவரின் கூடையும் ரயில்வேக்காரரின் கூடையும் சேர்ந்து ஒரு சராசரி. வீட்டு வாடகையை ஆறு மாசத்துக்கு ஒரு தரம்தான் விசாரிப்பார்கள். இருந்தாலும், மேன்ஷன்வாசி ஒருவனுக்கு இரும்பு, சிமென்ட் கூடையைவிட இது எவ்வளவோ பக்கத்துச் சொந்தம்.

பின்னால் ரிசர்வ் வங்கியும் அந்த முடிவுக்குத்தான் வந்தது. 2014 முதல் மொத்த விலையை ஓரமாக வைத்துவிட்டு, நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணை வைத்துத்தான் வட்டியை ஏற்றி இறக்குகிறது. அதற்கு வெகு காலம் பயன்பட்ட 2012 கூடையைப் பிரித்துப் பார்த்தால் சுவாரசியம். உணவுக்கும் பானங்களுக்கும் சேர்த்து நூற்றுக்கு 45.86. வீட்டு வாடகைக்கு நகரத்தில் 21.67, கிராமத்தில் பூஜ்யம். தங்கத்துக்கு 1.08. தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிற வீட்டில் போய் இந்த 1.08-ஐச் சொல்லிப் பாருங்கள், உள்ளே விடமாட்டார்கள். சம்பளத்தில் முக்கால்வாசி சாப்பாட்டுக்கே போகிறவருக்கு வெங்காய விலை ஏறினால் பணவீக்கம் ஒரு மாதிரி. மாசம் ஒன்றரை லட்சம் வாங்குகிறவருக்கு இன்னொரு மாதிரி. பேப்பரில் வருவது இவர்கள் யாருடையதும் இல்லாத ஒரு கூடை.

இந்தக் கூடைத் தகராறு பழசு. 1871-ல் லாஸ்பேயர் என்ற ஜெர்மன்காரர், பழைய வருஷத்துக் கூடையையே வைத்துக்கொள்ளலாம் என்றார். கத்தரிக்காய் விலை ஏறினால் ஜனங்கள் பூசணிக்காய்க்குத் தாவுவார்கள் என்பது அதில் ஏறாது. அதனால் ஏற்றத்தைச் சற்று அதிகமாகவே காட்டும். மூன்று வருஷம் கழித்து பாஷே என்ற இன்னொரு ஜெர்மன்காரர், இந்த வருஷக் கூடையை எடுத்துக்கொள் என்றார். அது கொஞ்சம் குறைத்துக் காட்டும். அமெரிக்காவில் இர்விங் ஃபிஷர் இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்து, ‘ஐடியல்’ என்று பெயர் வைத்தார். பி.காம். பரீட்சையில் நம்மை அழவைத்தவர் இவர்தான். குறியீட்டெண்களைப் பற்றியே பெரிய புத்தகம் எழுதிய இந்த மனுஷர், 1929 அக்டோபரில், பங்கு விலைகள் நிரந்தரமான ஓர் உயரத்துக்கு வந்துவிட்டதாகச் சொன்னார். சில நாட்களில் வால் ஸ்ட்ரீட் சரிந்து அவர் சொத்தும் கரைந்தது. எனக்கு இதில் ஒரு அல்ப திருப்தி உண்டு.

சமீபத்து உதாரணம் ஒன்று. 2025 அக்டோபரில் சில்லறைப் பணவீக்கம் 0.25 சதவிகிதம். 2012 வரிசையிலேயே மிகக் குறைவு. ‘விலைவாசி அப்படியே நிற்கிறது’ என்று டீக்கடையில் ஒருவர் சந்தோஷப்பட்டார். ஒரு வருஷம் முன்னால், 2024 அக்டோபரில், அதே விகிதம் 6.21. தக்காளியும் வெங்காயமும் மிரட்டிய சமயம், காய்கறி மட்டும் 42 சதவிகிதம் ஏறியிருந்தது. மறுபடி அதே மொட்டைமாடி. 2023 அக்டோபரில் 100 ரூபாய்க்கு வாங்கிய கூடை, 2024-ல் 106 ரூபாய் 21 பைசா. 2025-ல் 106 ரூபாய் 48 பைசா. ஏறின 6 ரூபாய் 21 பைசாவில் காலணா திரும்பி வரவில்லை. பஸ்ஸின் வேகம் குறைந்தது என்றால் பஸ் பின்னால் போகிறது என்று அர்த்தமா? ஆனால் ‘பணவீக்கம் குறைந்தது’ என்று எட்டு பத்தியில் தலைப்பு வந்தால் பாதிப் பேர் ‘விலை குறைந்தது’ என்றுதான் படிக்கிறார்கள்.

உங்கள் கூடைக்கு நீங்களே விகிதம் கண்டுபிடிக்க அரை மணி நேரம் போதும். பாங்க் ஸ்டேட்மென்ட், பழைய கரன்ட் பில், மெஸ் ரசீது போதும். வாடகை, சாப்பாடு, போக்குவரத்து, போன், ஊருக்கு அனுப்பும் பணம் என்று ஐந்தாறு தலைப்புகள். ஒவ்வொன்றும் போன வருஷச் செலவில் எத்தனை பங்கு, இந்த வருஷம் எத்தனை சதவிகிதம் ஏறியது, இரண்டையும் பெருக்கிக் கூட்டுங்கள். லாஸ்பேயர் செய்தது இதைத்தான். ஒரு எச்சரிக்கை: போன வருஷம் வாங்கியதையே இந்த வருஷமும் வாங்குவதாகத்தான் கணக்கு. நடுவில் பைக் வாங்கியிருந்தால் அதைப் பணவீக்கத்தின் தலையில் கட்டாதீர்கள்.

நண்பன் ஒருவன் மடிப்பாக்கத்தில் வாடகைக்கு இருக்கிறான். போன மாசம் இப்படியொரு பட்டியல் போட்டான். மற்றதெல்லாம் 3, 4 என்று சாதுவாக வந்தன. வாடகையில் மாட்டிக்கொண்டான். ஹவுஸ் ஓனருக்கு சிம்லாவும் தெரியாது, ஃபிஷரும் தெரியாது. பதினோரு மாசத்துக்கு ஒரு அக்ரிமென்ட், ஒவ்வொரு அக்ரிமென்ட்டுக்கும் பத்து பர்சென்ட். இது வருஷத்துக்குப் பத்து இல்லை என்பதைக் கவனியுங்கள், பன்னிரண்டு மாசத்துக்குக் கணக்குப் போட்டால் 10.96. எட்டாவது தடவை ஏற்றும்போது, அதாவது ஏழு வருஷம் நாலு மாசத்தில், வாடகை இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். பேப்பரில் போட்டிருக்கிற விகிதத்தைக் காட்டி, “அங்கிள், நாலு பர்சென்ட்னு வெச்சுக்கலாமே” என்று கேட்டுப் பார்த்திருக்கிறான்.

“பேப்பர்லயா?” என்றாராம் அவர். “நான் பேப்பரை நிறுத்தி ரெண்டு வருஷம் ஆச்சு தம்பி. விலை ஏத்திட்டான்.”