பழைய பெட்டியும் தவக்கால ஊதாவும்

திருச்சபை தன் ஆண்டை நிறங்களால் எழுதுகிறது. பொதுக்காலத்திற்குப் பச்சை, திருவருகைக் காலத்திற்கும் தவக்காலத்திற்கும் ஊதா, கிறிஸ்து பிறப்புக்கும் உயிர்ப்புக்கும் வெண்மை, தூய ஆவியார் பெருவிழாவுக்கும் மறைசாட்சியர் நினைவுக்கும் சிவப்பு. எழுத்தறியாத பாட்டிமாரும் பீடத்தில் நிற்கும் குருவானவரின் திருவுடையைக் கண்டே காலத்தைக் கணித்துவிடுவர். செவி மங்கியவர்க்கோ அந்நிறமே மறையுரை.

எங்கள் தாயார் அத்தகையவர். இடுப்பெலும்பு முறிந்த நாள் முதல் அவருக்குக் கோவில் தூரமாயிற்று. செவிப்புலனும் குன்றியது, கிழமைகளின் கணக்கும் சிறிது சிறிதாகக் கைநழுவியது. முதல் வெள்ளிதோறும் பங்குத்தந்தை இல்லம் தேடி வந்து நற்கருணை வழங்குவார். ஏனைய நாட்களில் தொலைக்காட்சியில் வரும் திருப்பலியே அவருக்குத் துணை. ஆகவே, எங்கள் வருவாய்க்கு ஏற்ப, பிறர் பயன்படுத்தி விற்ற 21 அங்குலப் பெட்டி ஒன்றை வாங்கி அவர் கட்டிலுக்கு எதிரே வைத்தோம். தடித்த பிக்சர் டியூப் உள்ள பழைய வகைப் பெட்டி அது.

தவக்காலத்தின் முதல் ஞாயிறன்று தாயார், “இன்று மாதா திருநாளா? சாமியார் நீல உடை அணிந்திருக்கிறாரே” என்று வினவினார். காண வந்திருந்த உறவினர் ஒருவர், “பாவம், அறிவு தடுமாறுகிறது” என்று எங்கள் காதில் சொன்னார். நாங்கள் திரையை நோக்கினோம். தாயார் கண்டது சரியே. ஊதா அங்கே நீலமாகத்தான் இருந்தது. குருவானவரின் முகம் பசுமை படர்ந்து நோயாளியின் முகம்போல் தோன்றிற்று. தடுமாற்றம் தாயாரின் அறிவில் இல்லை. நாம் அவர்முன் வைத்த கண்ணாடியில் இருந்தது.

நிறம் கெட்ட பெட்டியைக் கண்டதும் நிறத்தைக் கூட்டுவதும் குறைப்பதுமாக ரிமோட்டை அழுத்திக்கொண்டிருப்பதில் பயனில்லை. முதலில், பிழை வரும் வழியிலா, பெட்டியிலா என்று அறிதல் வேண்டும். செட்டாப் பாக்ஸைக் கொண்டுபோய் அண்டை வீட்டுத் தொலைக்காட்சியில் இணைத்தோம். அங்கே ஊதா ஊதாவாகவே விளங்கிற்று. எனவே குறை எங்கள் பெட்டியில் என்பது உறுதியாயிற்று. கூர்ந்து நோக்கியபோது குறைகள் இரண்டென்று கண்டோம். திரை முழுவதிலும் சிவப்பு மங்கியிருந்தது ஒன்று. இடது கீழ்மூலையில் மட்டும் பச்சைக் கறை ஒன்று படிந்திருந்தது மற்றொன்று. காட்சி மாறினாலும் அக்கறை இடம் மாறவில்லை.

மெக்கானிக் ஒருவரை அழைத்து வந்தோம். முதிர்ந்த கைக்காரர், பொறுமையாக விளக்கினார். பிக்சர் டியூபின் கழுத்துப் பகுதியிலிருந்து மூன்று எலெக்ட்ரான் கதிர்கள் புறப்படுகின்றன. சிவப்புக்கு ஒன்று, பச்சைக்கு ஒன்று, நீலத்திற்கு ஒன்று. திரைக்குச் சற்று உட்புறத்தில் நுண்துளைகள் நிறைந்த மெல்லிய உலோகத் தகடு இருக்கிறது. அத்துளைகளின் வழியே ஒவ்வொரு கதிரும் தனக்குரிய நிறப்பூச்சை மட்டுமே சென்று தொடவேண்டும். அருகில் காந்தம் இருந்தால் தகட்டில் காந்தம் ஏறிவிடும். கதிர் வளைந்து அடுத்த நிறத்தைத் தொடும். மூலையில் கறை தோன்றுவது இதனாலேயே.

எங்கள் பெட்டியின் இடப்புறம் ஒலிபெருக்கி ஒன்று இருந்தது. அதனுள்ளே காந்தம். ஒலிபெருக்கியை அகற்றினோம், கறை குறைந்ததேயன்றி மறையவில்லை. காந்தம் அகன்ற பின்னும் உலோகம் அதை எளிதில் மறப்பதில்லை. அந்நினைவை அழிப்பதற்கென்றே பெட்டிக்குள் கம்பிச்சுருள் ஒன்று அமைந்துள்ளது. பெட்டியை இயக்கியவுடன் மாறுமின்னோட்டம் அதில் வலிமையாகப் பாய்ந்து, சில நொடிகளில் தேய்ந்து அடங்குகிறது. அதற்கேற்பத் தகட்டின் காந்தமும் அப்புறமும் இப்புறமும் அசைந்து ஓய்ந்துவிடுகிறது. அம்மின்னோட்டத்தைத் தேய்ந்தடங்கச் செய்யும் போசிஸ்டர் என்னும் சிற்றுறுப்பு எங்கள் பெட்டியில் பழுதுபட்டிருந்தது. புதியதைப் பொருத்தி இயக்கியதும் மூலைக்கறை மறைந்தது. ஒருமுறையில் தீராவிடில் பெட்டியை நிறுத்தி, ஏறத்தாழ அரைமணி நேரம் ஆறவிட்டே மீண்டும் இயக்கவேண்டும். சூடு தணியாத போசிஸ்டர் வேலை செய்யாது என்றார்.

அடுத்தது சிவப்பு. டியூபின் கழுத்தில் பொருந்திய சிறு பலகையில், சிவப்புக்குரிய இடத்தில் ஈயப் பற்றவைப்பு விரிசல் கண்டிருந்தது. அதைப் புதுப்பித்தார். அதன்பின் அவர் செய்ததே எங்களை வியப்பில் ஆழ்த்திற்று. நிறத்தை முற்றிலும் குறைத்துப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கினார். “வெள்ளை வெள்ளையாகவும் சாம்பல் சாம்பலாகவும் தெரிந்தால்தான் நிறங்களை நம்பலாம்” என்றார். மூன்று கதிர்களின் அளவையும் ஒன்றுக்கொன்று இசையச் செய்து, நிழலிலும் வெளிச்சத்திலும் எந்தச் சாயலும் ஒட்டாதபடி திருத்தினார். இறுதியிலேயே நிறத்தை மெல்லக் கூட்டி, மனித முகம் இயல்பாய்த் தோன்றுமிடத்தில் நிறுத்தினார்.

தொலைக்காட்சிக் கணக்கில் வெண்மையின் ஒளியை 100 பங்கு என்று கொண்டால், பச்சை 59, சிவப்பு 30, நீலம் 11 எனக் கொள்வர். பதினொரு பங்கே உடைய நீலம் ஒதுங்கிக்கொண்டாலும் வெண்மை மஞ்சளாகிவிடும். உடலின் வலுக்குறைந்த உறுப்பும் இன்றியமையாதது என்று கொரிந்து நகரத்தார்க்குப் பவுலடியார் எழுதியதை இப்பெட்டியும் தன் வழியில் போதிக்கிறது. குடும்பத்தில் படுக்கையில் கிடக்கும் முதியவரின் பங்கு சிறிதென்று தோன்றலாம். அவரை ஒதுக்கிய வீட்டில் எந்த வெண்மையும் தூய்மையாய் இராது.

வாசக அன்பர்களுக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. இத்தகைய பெட்டியின் பின்மூடியைத் தாமே திறத்தலாகாது. டியூபில் 20,000 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்னழுத்தம் இயங்குகிறது. மின்சாரத்தைத் துண்டித்த பின்னும் அது சிலகாலம் தங்கியிருக்கக்கூடும். காந்தப் பொருட்களை அகற்றுவதும் பெட்டியை ஆறவைப்பதும் நம் வேலை; மற்றவை கைதேர்ந்தவரின் வேலை. டியூபே தேய்ந்துவிட்டால் மாற்றுக் கிடைப்பது இன்று அரிது என்பதையும் அறிந்தே பழைய பெட்டியை வாங்கவேண்டும்.

தவக்காலத்தின் நான்காம் ஞாயிறன்று ரோஜா நிறத் திருவுடை அணியும் வழக்கம் உண்டு. அன்று தொலைக்காட்சியில் குருவானவர் அந்நிற உடையில் பீடத்தை அணுகினார். தாயாரின் முகம் மலர்ந்தது. “ரோஜா உடை! பாஸ்கா நெருங்கிவிட்டது. வீட்டுக்கு வெள்ளை அடிக்கவில்லையா?” என்று கேட்டார். அறிவு தடுமாறியவரின் கேள்வியா அது?

அசிசி நகரத்துப் புனித கிளாரா நோயுற்றுப் படுக்கையில் கிடந்தபோது, கோவிலில் நடந்த கிறிஸ்து பிறப்புத் திருவழிபாட்டைத் தம் அறையிலிருந்தே கண்டார் என்பது மரபு. அதனாலேயே திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் அவரைத் தொலைக்காட்சிக்குப் பாதுகாவலியாக அறிவித்தார். கோவிலுக்கு வர இயலாத ஒவ்வொருவருக்கும் திருச்சபை காட்டும் தாய்மைப் பரிவு அது.

நம் இல்லங்களில் முதியோர் ஏதேனும் மாறாகச் சொன்னால், அவர்தம் அறிவைக் குறைகூற விரைய வேண்டாம். அவர்கள் காணுமாறு நாம் வைத்திருப்பது எத்தகைய கண்ணாடி, அவர்கள் கேட்குமாறு நாம் பேசுவது எத்தகைய சொல் என்று முதலில் ஆராய்வோம். மூக்குக்கண்ணாடியோ, காதுகேள் கருவியோ, பழைய தொலைக்காட்சியோ, அவர்களுக்குரியதைச் செம்மையாக்கித் தருவது பிள்ளைகளின் கடன். அதுவும் நான்காம் கட்டளையின் ஒரு பகுதியே.