வைத்தியன் எழுதும் சாட்சியம்

தொழில் செய்யுமிடத்தில் காயமுற்று வருகிறவருக்கு வைத்தியன் செய்யும் சிகிச்சையில் ஒரு பாகம் அவருடைய சரீரத்திலும் மற்றொரு பாகம் காகிதத்திலும் நிகழ்கிறது; முதலாவதற்குக் காட்டுகிற சிரத்தையிற் பாதியையேனும் இரண்டாவதற்கு நம்மிற் பலர் காட்டுவதில்லை என்பது, வடமராட்சியில், நெல்லியடியில் நெடுங்காலமாக வைத்தியம் செய்துவருகிற எனக்கு ஆறாத மனக்குறையாக இருக்கிறது. மரக்காலையில் வாள் பட்ட விரல்களும், சாரத்திலிருந்து விழுந்த மேசன்மாரின் குதிக்கால்களும், இரும்பு ஒட்டும் பட்டறைகளில் துகள் பாய்ந்த கண்களும் என்னிடம் வந்தபடியே இருக்கின்றன. தைத்து மருந்து கட்டிய காயம் ஆறிவிடும். ஆனால் அதைப்பற்றி அன்று நான் எழுதிய சில வரிகள், பல மாதங்களின் பின்னர், என்னையும் கண்டிராத நோயாளியையும் அறிந்திராத ஓர் அதிகாரியின் முன்னால் கொழும்பில் விரிக்கப்படும்போது, ஒரு குடும்பத்தின் ஜீவனம் அந்த வரிகளிலேயே தங்கி நிற்கும்.

தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இலங்கையில் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கமாக இயற்றப்பட்டது. 1897இல் பிரித்தானியாவிலும் 1923இல் இந்தியாவிலும் பிறந்த சட்டங்களின் வழிவந்த இதன் பெருமை யாதெனில், முதலாளி கவனயீனமாக நடந்தார் என்று தொழிலாளி நிரூபிக்க வேண்டுவதில்லை. விபத்து வேலையின் காரணமாகவும் வேலையின் போக்கிலும் நேர்ந்தது என்று காட்டினாற் போதும். ஆனால் நியமனக் கடிதமோ சம்பளச் சீட்டோ இல்லாமல் நாட்கூலிக்குப் போகிற ஒருவர் அதனைக் காட்டுவதற்கு, காயம்பட்ட அன்றே எழுதப்பட்ட வைத்தியக் குறிப்பைத் தவிர வேறென்ன ஆதாரம் வைத்திருப்பார்?

இதனாலேயே முதல் ஒரு மணி நேரத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். காயமுற்றவரை அழைத்து வருகிறவர் பெரும்பாலும் முதலாளியின் ஆளாக இருப்பார். நோயாளி வாய்திறக்குமுன் அவரே பதில் சொல்லுவார். “டொக்டர், வீட்டிலை விழுந்திட்டார் எண்டு எழுதிவிடுங்கோ, செலவெல்லாம் நாங்கள் பாப்பம்” என்று பணிவாகவே கேட்பவர்களும் உண்டு. நாளைக்கும் அதே இடத்துக்கு வேலைக்குப் போகவேண்டியவர் தலையைக் குனிந்துகொண்டிருப்பார். அப்பொழுது வந்தவரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, மருந்து கட்டும் வேளையில், “தம்பி, எங்கை நிண்டு என்ன செய்யேக்கை பட்டது?” என்று கேட்பேன். சொல்வதை அவர் சொன்னதாகவே, கூடியவரையில் அவருடைய வார்த்தையிலேயே எழுதுவேன். நான் கண்டதை நான் கண்டதாக வேறாக எழுதுவேன். இவ்விரண்டையும் கலந்துவிடுகிற அறிக்கை விசாரணையில் யாருக்கும் பயன்படாது. ஏனெனில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதில் எந்த வரியையும் பிடித்து, இது உங்கள் அறிவா, அவருடைய கதையா என்று கேட்க இடமுண்டாகும்.

காயமும் தன் வரலாற்றைத் தானே சொல்லும். வாளால் அறுபட்ட விரலின் சிதைந்த விளிம்பும் உள்ளே ஒட்டியிருக்கும் மரத்தூளும் அது நேர்ந்த இடத்துக்குச் சாட்சிகள்; நாமோ நோய்க்கிருமிக்கு அஞ்சி முதற் காரியமாக அந்தத் தூளைக் கழுவிவிடுகிறோம். கழுவத்தான் வேண்டும், ஆனால் கழுவுமுன் ஒரு வரி எழுதிவிட வேண்டும். குதிக்கால் எலும்பு உடைந்து வருகிறவரின் முள்ளந்தண்டையும் பரிசோதிப்பது பழைய வைத்திய விதி. இரண்டும் ஒருங்கே நொறுங்கியிருந்தால் அவர் உயரத்திலிருந்து விழுந்தவர் என்பதற்கு அதுவே வலிய சான்று; வீட்டு வாசற்படியில் தடுக்கி விழுந்தவருக்கு அவ்விதம் நேர்வது அரிது. விரல்களை இலக்கத்தாற் குறியாமல் பெருவிரல், சுட்டுவிரல் என்று பெயராலேயே எழுதுவதும், வலம் இடம் என்பதை முழுச் சொல்லாக எழுதுவதும், எந்தக் கை பழக்கக் கை என்று கேட்டுக் குறிப்பதும் அற்ப விஷயங்களாகத் தோன்றலாம். அந்த அற்பங்களில் ஒன்று விடுபட்டால், வருந்தியவர் தம் உரிமையிற் பாதியை இழக்க நேரும். பாரதூரமான காயத்தோடு வருகிறவரை மந்திகை ஆதார வைத்தியசாலைக்கு அனுப்பும்போது நான் எழுதிக் கொடுக்கும் கடிதமும் இத்தகையதே. பொலிசார் கொடுக்கும் படிவத்தைச் சட்ட வைத்திய அதிகாரி பின்னர் நிரப்பினாலும், விபத்துக்கு மிக அணித்தான காலத்துச் சாட்சியம் அந்தக் கடிதந்தான்.

ஒரு விஷயத்தில் வடமராட்சி வைத்தியன் விசேஷமாக எச்சரிக்கையோடிருக்க வேண்டும். விபத்துக்கு மதுபோதையே நேரடிக் காரணமாயிருந்தால், மரணம் நேராத காயங்களில் முதலாளியின் பொறுப்பு நீங்கிவிடலாம் என்பது சட்டத்தின் ஏற்பாடு. கள்ளிறக்கும் தொழில் தலைமுறைகளாக நடைபெறுவதும், திக்கத்தில் வடிசாலை அமைந்ததுமான இந்தப் பகுதியில், கள்ளுப் பீப்பாய்களை ஏற்றி இறக்குகிறவரின் உடையிலும் கையிலும் கள்ளு மணம் வீசுவது அவருடைய தொழிலின் மணமேயன்றி அவர் குடித்ததன் அடையாளமாகாது. “மது வாடை” என்று இரண்டு சொற்களை எழுதிவிட்டு அப்பாற் போகிற வைத்தியன், தான் அறியாமலே ஒரு தீர்ப்பை எழுதிவிடுகிறான். மணம் மூச்சிலிருந்து வந்ததா உடையிலிருந்து வந்ததா, பேச்சுத் தடுமாறியதா, கண்மணி எவ்விதம் இருந்தது, நேராக நிற்க முடிந்ததா என்று எழுதுவதே முறை. குடித்திருந்தவரையும் அவ்வாறே உள்ளபடி எழுதவேண்டும்.

2022ஆம் ஆண்டுத் திருத்தம் நட்டஈட்டின் உச்ச எல்லையை ஐந்தரை இலட்சத்திலிருந்து இருபது இலட்சம் ரூபாவாக உயர்த்தியதோடு, வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்துகளையும் உள்ளடக்கியது. ஆகவே பருத்தித்துறை வீதியில் அதிகாலையில் சைக்கிளோடு விழுந்து வருகிறவரிடம், எங்கிருந்து எங்கே எந்த நேரத்திற் போனீர்கள் என்று கேட்பதும் இப்பொழுது சிகிச்சையில் ஒரு பகுதியாகிவிட்டது.

நிரந்தர இயலாமையை மதிப்பிடும் கட்டமே எனக்கு மிகவும் கடினமானது. இன்ன அவயவத்தின் இழப்புக்கு இத்தனை வீதம் என்று சட்டத்தின் அட்டவணை வகுத்திருக்கிறது. அட்டவணை அவயவத்தை அறியும். அதைக்கொண்டு அவர் செய்த வேலையை அறியாது. இடக்கையை முழங்கைக்கு மேல் இழந்த ஒரு தச்சுத் தொழிலாளி, ஒற்றைக் கையால் தச்சுவேலை செய்ய இயலாதாகையால், முற்றாக இயலாமையடைந்தவரே என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1975இல் உறுதி செய்ததை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. தொழிலாளரின் நோய்களைப்பற்றி 1700இல் நூல் எழுதிய இத்தாலிய வைத்தியர் ரமாசினி, நோயாளியிடம் கேட்கவேண்டிய கேள்விகளோடு “உன் தொழில் யாது?” என்பதையும் சேர்க்கும்படி சொன்னார். தொழிலின் பெயரை எழுதினாற் போதாது. அந்தத் தொழிலில் அந்தக் கை என்ன செய்தது, இனி எதைச் செய்யமாட்டாது என்பதையும் எழுதினாலன்றி நட்டஈட்டைத் தீர்மானிக்கும் ஆணையாளர் எவ்வாறு அறிவார்? மேசனுக்குக் கரண்டி பிடிக்கும் வலிமையும், தையற்காரருக்கு ஊசி பிடிக்கும் நுண்மையும் வேறு வேறு. இந்த மதிப்பீட்டை அவசரப்பட்டுச் செய்வதும் தவறு; தழும்பு இறுகி, மூட்டுப் பயிற்சிகள் முடிந்து, இனி இதற்கு மேற் குணமாகாது என்ற நிலை வரும்வரை, எவர் வற்புறுத்தினும், இறுதி வீதத்தை நான் எழுதுவதில்லை.

இரக்கத்தினால் மிகைப்படுத்துவதும் எனக்கு உடன்பாடன்று. மூன்று வாரத்தில் ஆறும் காயத்துக்கு ஆறு வாரம் எழுதிக் கொடுக்கிறவன் ஏழைக்கு உபகாரம் செய்வதாக நினைக்கிறான். அவனுடைய கையெழுத்தின் மதிப்புக் குறைந்த பின்னர், மெய்யாகவே முடமான ஒருவருக்காக அவன் எழுதும் அறிக்கையை நம்புவார் இலராவர். அவ்வாறே, காயத்துக்குச் சம்பந்தமில்லாத அந்தரங்க நோய்களை அறிக்கையில் எழுதி முதலாளியின் கைக்குப் போகவிடுவதும் வைத்திய தர்மத்துக்கு விரோதமாகும்.

இவ்வளவுக்கும் அப்பால் நிற்கிறவர்கள் பனையேறிகள். தம் பாளையைத் தாமே சீவி, கள்ளைக் கூட்டுறவுச் சங்கத்துக்கு அளக்கிற ஒருவர் மரத்திலிருந்து விழுந்தால், சட்டம் தேடுகிற முதலாளி அவருக்கு இல்லை. அந்தக் குறையை வைத்தியனால் தீர்க்க இயலாது. ஆயினும் மரத்தின் உயரம், ஏறிய நேரம், காலிற் பூட்டும் தளைநார் அறுந்ததா, எங்கே எவ்விதம் விழுந்தார் என்பவற்றை மற்றவர்களுக்கு எழுதும் அதே ஒழுங்கில் எழுதி, ஒரு பிரதியை வீட்டுக்காரியிடம் கொடுத்து, சங்கத்திலோ பிரதேச செயலகத்திலோ உதவி கேட்கப் போகும்போது அடையாள அட்டையோடு இதையும் கொண்டுபோங்கள் பிள்ளை என்று சொல்லியனுப்புகிறேன்.