கழன்ற குழாய்

2022 மே மாதம். தள்ளிப்போடப்பட்டிருந்த சாதாரண தரப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. தோட்டத்துப் பிள்ளைகள் ஒன்பது பேருடன், பசறையிலிருந்து மொனராகலைக்கு இறங்கும் மலைப்பாதையில் ஒரு பழைய வானில் நாம் சென்றுகொண்டிருந்தோம். திடீரென ஆவி சீறிக் கிளம்பியது. வெப்பமுள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. சாரதி உடனே எஞ்சினை நிறுத்தினான்.

அவன் நமது பழைய மாணவன். எட்டாம் வகுப்போடு நின்றுபோனவன். பதிவேட்டில் ‘இடைவிலகல்’ என்று சிவப்பு மையால் எழுதியவர் நாமேதான்.

ரேடியேட்டரின் மேற்குழாய் கழன்று தொங்கியது. கிளிப் துருப்பிடித்து அறுந்திருந்தது. குழாயின் முனை காய்ந்து வெடித்திருந்தது. நாம் ஓடிப்போய்ப் பீலியில் ஒரு வாளி தண்ணீர் பிடித்து வந்தோம்.

“வேணாங்க சேர், எஞ்சின் வெடிச்சிரும்!” என்று அவன் நம் கையைப் பிடித்துக்கொண்டான்.

சூடேறிய கண்ணாடிக் குவளையில் குளிர்நீர் பட்டால் ஏன் விரிசல் காணும் என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் படம் வரைந்து விளக்குகிறவர் நாம்!

அரைமணி நேரம் ஆறவிட்டான். பிள்ளைகள் மதகின் மேல் அமர்ந்து குறிப்பேடுகளைப் புரட்டினர். குழாய் எட்டுமா என்று இழுத்துப் பார்த்தபின், வெடித்த முனையை ஓர் அங்குலம் வெட்டி எறிந்தான். உலோக வாயின் துருவைச் சுரண்டித் துடைத்து, அதன் விளிம்பு மேட்டைத் தாண்டும்வரை குழாயைச் செருகினான். கம்பி குழாயை அறுத்துவிடாதிருக்க முதலில் சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றி, அதன்மேல் கம்பியைக் குறட்டால் முறுக்கினான். பின்னர் தண்ணீரைச் சிறிது சிறிதாக ஊற்றி, காற்றுக்குமிழிகள் அடங்கிய பிறகே மூடியை இட்டான். காசுச் செலவு எதுவுமில்லை.

எதிரே ரப்பர் மரங்கள். பால் இங்கே, குழாய் எங்கிருந்தோ என்று நாம் ஒரு பிரசங்கமே தொடங்கிவிட்டோம். இக்குழாய்கள் பெரும்பாலும் பெற்றோலியத்திலிருந்து பிறக்கும் செயற்கை ரப்பர் என்பது பின்னர்தான் தெரிந்தது. ஆயினும் கோபம் தீர்ந்தபாடில்லை. 2020 மார்ச்சிலிருந்து வாகன இறக்குமதிக்குத் தடை இருந்தது. பழையதைத்தான் ஒட்டுப்போட்டு ஓட்டவேண்டியிருந்தது. 2022 மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலரோ மே மாதத்தில் சுமார் 360 ஆயிற்று. அதோடு உதிரிப்பாகங்களின் விலையும் ஏறியது. 2021இல் நிர்ணயிக்கப்பட்ட தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் மட்டும் 1,000 ரூபாவிலேயே நின்றது. அந்தப் பெற்றோர் சேர்த்துக் கொடுத்த வாடகையில் புதுக்குழாய்க்கு இடமேது?

“ஏன் தம்பி அன்றைக்குப் படிப்பை விட்டாய்?” என்று வழியில் கேட்டோம்.

“அப்பா படுத்துட்டாரு சேர். நீங்க கேக்கலயே.”

பிள்ளைகள் மண்டபத்துக்குள் ஓடியபோது வினாத்தாள் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வெளியே அவன் குனிந்து, கம்பி இளகியிருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தான்.