ஈ ஓட்டினவன் ஈ கட்டின கதை

பத்திரிகைக்கு எழுதிப் பிழைக்கிறவன் வருஷத்தில் பாதி நாள் என்ன செய்வான்? ஈ ஓட்டுவான். பி.காம். படித்தும் சொந்த வரவு செலவு டேலி ஆகாத அடியேனும் அந்த ஜாதிதான். அப்பேர்ப்பட்டவன் அமெரிக்கா போய், ரெண்டு ராத்திரி கண் விழித்து ஈ கட்டினேன் என்றால் நம்புவீர்களா?

நம்பித்தான் ஆகணும்!

2024 மார்ச் கடைசி. மதுரைக் கல்லூரியில் மூணு வருஷம் என் பக்கத்தில் உட்கார்ந்து, என்னைப் பார்த்தே காஸ்ட் அக்கவுண்டிங் பாஸ் பண்ணிய நண்பன், இப்போது மெம்ஃபிஸில் கம்ப்யூட்டர் உத்தியோகம். "டிக்கெட் நான் போடறேன், வாடா"ன்னான். காசு கொடுக்காமல் கிடைப்பதை வேண்டாம் என்று சொல்கிற பழக்கம் நம்ம பரம்பரையில் கிடையாது. போய் இறங்கிவிட்டேன்.

எல்விஸ் பிரெஸ்லி வீடு, மிஸிஸிப்பி நதி எல்லாம் ரெண்டு நாளில் முடிந்தது. மூன்றாம் நாள் நண்பன் பக்கத்து வீட்டுக்குக் கூட்டிப் போனான். தனியாக இருக்கும் தாத்தா. எழுபத்தெட்டு வயசு. மேஜை மேல் ஒரு குட்டி வைஸ், நூல்கண்டு, கலர் கலராய் இறகு. டெய்லர் கடையும் கோழிக்கடையும் பார்ட்னர்ஷிப் போட்ட மாதிரி இருந்தது.

"ஃப்ளை கட்டற மேஜைடா இது" என்றான் நண்பன்.

ஃப்ளை என்றால் ஈ. ஆனால் நிஜ ஈ இல்லை. தூண்டில் முள்ளில் இறகும் நூலும் சுற்றி, பூச்சி மாதிரியோ பொடி மீன் மாதிரியோ செய்கிற பொய் இரை. இதைக் காட்டி அவர் பிடிக்கிற மீனின் பெயர் கிராப்பி. நாம் தலைக்கு வெட்டிக்கொள்ளும் கிராப்போடு ஒரு 'பி' சேர்த்தால் உச்சரிப்பு சரி. ஆங்கில ஸ்பெல்லிங்கை மட்டும் நம்பி வாசித்தால் கெட்ட வார்த்தை மாதிரி வரும். நான் அப்படித்தான் வாசித்தேன். தாத்தா சிரித்தார். சிரிக்கும்போது கை ஆடியது. சிரித்து முடித்த பிறகும் ஆடியது.

அப்புறம்தான் நண்பன் தமிழில் சொன்னான். நாற்பது வருஷமாய் வசந்தம் வந்தால் தன் கையால் கட்டிய ஈயைத் தவிர வேறெதையும் தாத்தா தண்ணீரில் போட்டதில்லை. போன வருஷத்திலிருந்து கை நடுக்கம். டப்பாவில் மிச்சம் நாலு ஈ. அது தீர்ந்தால் படகை வித்துடப் போகிறாராம்.

"கடையில விக்குமே?"

"கேட்டேன். 'இட்லி கடையில விக்குது, உங்க அம்மா சுடறதை நிறுத்திட்டாங்களா?'ங்கற மாதிரி ஒரு பார்வை பார்த்தார். நானும் கட்டிப் பார்த்தேன்டா. பல்லி வாலு மாதிரி கழண்டு விழுந்துடுச்சு."

தாத்தா வைஸில் ஒரு முள்ளை மாட்டி என்னை உட்காரச் சொன்னார். எட்டாம் நம்பர் முள். இதில் நம்பர் ஏற ஏற முள் சின்னதாகும். ஆறைவிட எட்டு சின்னது, எட்டைவிடப் பத்து சின்னது. கணக்குப் பதிவியல் படித்தவனுக்கு வயிற்றைக் கலக்கும் ஏற்பாடு!

முதலில் முள்ளின் தண்டில் நூலை நெருக்கமாகச் சுற்றணும். பிறகு ரெண்டு குண்டுமணி அளவில் கண்கள். குண்டுபல்பை அணைக்க இழுப்போமே, அந்த மணிச் சங்கிலியில் ரெண்டு மணியைக் கத்தரித்தால் ஒரு ஜோடிக் கண். அதைத் தண்டின் மேல்பக்கம் வைத்து எட்டு மாதிரி குறுக்கும் நெடுக்கும் கட்டினால், தண்ணீரில் முள் தலைகீழாய்ப் புரண்டு முனை வானத்தைப் பார்க்கும். கட்டையில் அதிகம் சிக்காது. ஈயக் கண் வேண்டாம் என்றார் தாத்தா. கனம் கூடினால் ஈ சரசரவென்று இறங்கிவிடும். கிராப்பிக்கு நிதானமாய் இறங்கணும். அப்புறம் வால். அதற்கு ஒரு பஞ்சு இறகு எடுத்துக் கொடுத்தார்.

"இது பேர் மாரபூ."

பெயரிலேயே பூ! பெயர் என்னவோ ஒரு நாரையினுடையது. இப்போது அந்தப் பெயரில் விற்பது வான்கோழி இறகு. காய்ந்திருக்கும்போது ஊதினால் பறக்கும். நனைந்தால் சும்மா இருக்கும்போதும் மூச்சு விடுகிற மாதிரி அசையும். மீன் ஏமாறுவது அந்த அசைவில்தான்.

இறகின் காம்பை முள்ளோடு சேர்த்து, இடது கைக் கட்டைவிரலால் அழுத்தி, நூலை ஒரு சுற்று தளர்வாய்ப் போட்டுச் சுருக்கென்று இழுத்தேன். காம்பு நசுங்கவில்லை, நழுவவும் இல்லை. அப்படியே ரெண்டாவது, மூன்றாவது. உடம்புக்குச் சுணை மாதிரி நூல் சுற்றி, கடைசியில் தலையில் முடிச்சு. நூலின் நுனியைச் சுற்றுக்குள்ளேயே புதைத்து இழுக்கிற முடிச்சு. மேலே ஒரு சொட்டு நெயில் பாலிஷ்.

தாத்தா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். நகத்தால் நெருடினார். அசையவில்லை.

"இதுக்கு முன்னாடி எங்கே கட்டினே தம்பி?"

நண்பன் பக்கத்தில் நிற்கிறான். எனக்குத் தொண்டையில் முள்.

விஷயம் இதுதான். என் அம்மா பூக்கட்டி. கோயில் வாசல் கடைக்கு முழக் கணக்கில் மல்லியும் கதம்பமும் கட்டிக் கொடுத்துத்தான் என்னைப் படிக்கவைத்தாள். நானும் ஆறாங்கிளாஸிலிருந்து கட்டுவேன். நூல் அறுத்து ஆள்காட்டி விரலில் எப்பவும் கோடு இருக்கும். கல்லூரியில் இவன் "என்னடா விரல்ல?" என்று கேட்டபோது, "கிடார் பழகறேன்"ன்னு விட்டேன் ஒரு பொய். இருபது வயசில் கிடாருக்கு இருந்த மரியாதை மல்லிக்கு இல்லை, சார்.

"வீட்டுல... பூ கட்டுவேன்" என்றேன் தாத்தாவிடம். நண்பன் முகத்தைப் பார்க்கவில்லை.

ரெண்டு ராத்திரியில் முப்பது ஈ கட்டினேன். பத்து வெள்ளை, பத்து கறுப்பு, பத்து எலுமிச்சையும் கிளிப்பச்சையும் கலந்த கண்ணைப் பறிக்கும் நிறம்.

சனிக்கிழமை விடியலில் மெம்ஃபிஸிலிருந்து தெற்கே, மிஸிஸிப்பி மாநிலத்து ஈனிட் ஏரிக்குக் கிளம்பினோம். 1927-ல் வந்த பெருவெள்ளத்துக்குப் பிறகு, வெள்ளத்தைத் தடுக்கக் கட்டிய அணைகளில் ஒன்று. 1952-ல் முடிந்தது. ஐந்தே வருஷத்தில், 1957 ஜூலையில், ஃப்ரெட் பிரைட் என்பவர் இங்கே 5 பவுண்டு 3 அவுன்ஸ் வெள்ளை கிராப்பியைத் தூக்கினார். உலக சாதனை! நம்ம கணக்கில் கிட்டத்தட்ட 2.35 கிலோ. சாதாரணமாய்க் கிடைப்பது அரைக்கிலோ சுமாருக்குத்தான்.

வழியெல்லாம் டாக்வுட் மரம் வெள்ளையாய்ப் பூத்திருந்தது. அது பூத்தால் கிராப்பி கரைக்கு வரும் என்பது அந்தப் பக்கத்துப் பஞ்சாங்கம். தாத்தா பஞ்சாங்கத்தை மட்டும் நம்பவில்லை. கயிற்றில் தெர்மாமீட்டர் கட்டி இறக்கினார். 62 டிகிரி ஃபாரன்ஹீட். "வந்திருக்கும்" என்றார். 60-ஐத் தாண்டினால் ஆண் மீன் கரையோரம் குழி பறித்து, உடம்பு கறுத்துப்போய், முட்டைக்குக் காவல் உட்காருமாம். பெண் மீன் முட்டையைப் போட்டுவிட்டுத் தன் ஜோலியைப் பார்க்கப் போய்விடும். கிராப்பியாய்ப் பிறந்தாலும் ஆம்பளைக்கு நிம்மதியில்லை!

குளிர்காலத்தில் வடித்த ஏரி, வசந்தத்தில் நிறைந்து புதர்களுக்குள் ஏறியிருந்தது. வெள்ளை ஈயைப் போட்டேன். ஒரு மணி நேரம் ஒன்றுமில்லை. மழைத் தண்ணீர், டீக்கடைப் பாய்லர் நிறம். "கலங்கல்ல வெள்ளை எடுபடாது. தெளிஞ்ச தண்ணிக்குத்தான் அது" என்று கிளிப்பச்சையை மாட்டச் சொன்னார். தக்கையையும் கீழிறக்கி, ஈ ரெண்டடி ஆழத்தில் தொங்குகிற மாதிரி வைத்தார். கிராப்பிக்குக் கண் மேலே பார்க்கிற மாதிரி அமைந்திருக்கிறது. அதற்குக் கீழே ஈயைப் போட்டால், மாடியில் குடியிருப்பவனுக்குக் கிரவுண்ட் ஃப்ளோரில் பஜ்ஜி காட்டுகிற கதைதான்.

தக்கை லேசாய்ச் சாய்ந்தது. இழுத்தேன் பாருங்கள், மாசி வீதியில் தேர் வடம் இழுக்கிற மாதிரி! நூல் மட்டும் வந்தது.

"இதுக்குக் காகித வாய்னு பேரு. வெடுக்குன்னு இழுத்தா கிழிஞ்சிடும். சும்மா தூக்கு" என்றார் தாத்தா.

அடுத்ததைச் சும்மா தூக்கினேன். வந்தது! அளவுப் பலகையில் பதினொன்றரை அங்குலம். அந்த ஏரியில் பன்னிரண்டு இருந்தால்தான் வைத்துக்கொள்ளலாம். அரை அங்குலத்தில் என் சரித்திரம் தண்ணீருக்குள் போனது.

தாத்தா தூண்டிலை ரெண்டு கையாலும் பிடித்தார். கை நடுங்கியது. அந்த நடுக்கம் நூல் வழியே இறங்கி, மாரபூ துடித்திருக்கும் போல. மதியத்துக்குள் ஏழு மீன். எல்லாம் பன்னிரண்டுக்கு மேல்! "முன்னே நான் கஷ்டப்பட்டு ஆட்டினேன். இப்ப அதுவா ஆடுது" என்று சொல்லி, என் ஈயைத் தன் டப்பாவில், பழைய நாலுக்குப் பக்கத்தில், குத்தி வைத்தார். படகை விற்பது பற்றிப் பேச்சே இல்லை.

திரும்பும்போது தாத்தா பின்சீட்டில் தூங்கிவிட்டார். நண்பன் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:

"செகண்ட் இயர்ல அக்கவுண்ட்ஸ் நோட்டு வாங்க உங்க வீட்டுக்கு வந்தேன்டா. திண்ணையில நீயும் அம்மாவும் பூ கட்டிக்கிட்டிருந்தீங்க. அப்படியே திரும்பிட்டேன்."

"பதினஞ்சு வருஷமா ஏன்டா கேக்கலை?"

"கேட்டிருந்தா நீ மறுநாள் காலேஜுக்கு வந்திருக்க மாட்டே." ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து, தூண்டிலைச் சும்மா தூக்குகிற மாதிரி காட்டினான். "ஆனா, ஒரு நாளாவது அந்த கிடாரை வாசிச்சுக் காட்டியிருக்கலாம்."

அன்று ராத்திரி அம்மாவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஒரு ஈ என்னடா விலை?"

"கடையில ரெண்டு மூணு டாலர்மா."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. மனசுக்குள் முழக் கணக்கு ஓடுகிறது என்று புரிந்தது.

"அந்தப் பெரியவர்கிட்ட காசு வாங்கலையே?"

"இல்லம்மா."

"நல்லது." அப்புறம் கேட்டாள்: "கட்டு நெருக்கமா இருந்துச்சா?"